‘சர்ச்’ என்னும் சிறு சொல்லின் வரலாறு

திருச்சபை என்பது யாது என்னும் வினாவிற்கு இறையியலார் மட்டுமன்றி, ஐரோப்பிய மொழிகளும் தத்தம் சொற்களால் விடை கூறியுள்ளன. ஆங்கிலத்தின் ‘சர்ச்’, ஸ்காட்லாந்தின் ‘கிர்க்’, டச்சு மொழியின் ‘கெர்க்’, ஜெர்மன் மொழியின் ‘கிர்ஹெ’ ஆகியன ஒரே குடும்பத்துச் சொற்கள். ‘ஆண்டவருக்குரியது’ எனப் பொருள்படும் ‘குரியகோன்’ என்னும் கிரேக்கச் சொல்லே இவற்றின் வேர் என்பது அறிஞர் பலரின் துணிபு. ரஷ்ய மொழியின் ‘செர்க்கோவ்’ என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இவ்வடை புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று கர்த்தருடைய இராப்போஜனத்தையும் (1 கொரிந்தியர் 11:20), மற்றொன்று கர்த்தருடைய நாளையும் (வெளிப்படுத்தல் 1:10) குறிக்கிறது. இரண்டும் கட்டடத்தைக் குறிப்பன அல்ல. நான்காம் நூற்றாண்டளவிலேயே ஆராதனை வீட்டிற்கு இச்சொல் பெயராய் வழங்கலாயிற்று.

புதிய ஏற்பாடு திருச்சபைக்கு வழங்கும் சொல் ‘எக்ளேசியா’ என்பதாகும். ஏதென்ஸ் நகரில் குடிமக்கள் கூடிய அவைக்கு அதுவே பெயர். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் இஸ்ரவேலின் சபையைக் குறிக்கும் ‘காகால்’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு இதனைப் பல இடங்களில் ஆண்டனர். இச்சொல் இலத்தீன் வழியாகப் பிரெஞ்சில் ‘எக்லீஸ்’ என்றும், ஸ்பானியத்தில் ‘இக்லேசியா’ என்றும், வெல்ஷ் மொழியில் ‘எக்லுயிஸ்’ என்றும் திரிந்தது. ஆயினும் மக்கள் கூட்டத்தைச் சுட்டிய இச்சொல்லும் அம்மொழிகளில் கட்டடத்திற்கும் பெயராயிற்று. செக் மொழியின் ‘கோஸ்டெல்’ என்பதோ கோட்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது.

சீர்திருத்தக் காலத்தில் இச்சொல் பெரும் வழக்கிற்கு உள்ளாயிற்று. லுத்தர் 1522இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் ‘கிர்ஹெ’ என்பதை விடுத்து, மக்கள் கூட்டம் எனப் பொருள்படும் ‘கெமைனே’ என்பதை ஆண்டார். 1529இல் வெளிவந்த பெரிய ஞானோபதேசத்திலும், ‘கிர்ஹெ’ என்பது உண்மையில் கூடிவந்த மக்களையே குறிக்கும் என விளக்கினார். ஆங்கிலத்தில் டிண்டேல் 1526இல் ‘காங்கிரிகேஷன்’ என்று பெயர்த்தார். 1529இல் தாமஸ் மோர் அதனைக் கடுமையாகத் தாக்கினார். குருமாரின் அதிகாரத்தை அச்சொல் அசைக்கும் என்பதை இருவரும் நன்கு அறிந்திருந்தனர். டிண்டேல் 1536இல் கொல்லப்பட்டார்.

பின்னர் முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்து மொழிபெயர்ப்பாளருக்கு, ‘சர்ச்’ என்னும் பழஞ்சொல்லை மாற்றலாகாது என்று விதிக்கப்பட்டது. அதன் விளைவை 1611ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் காணலாம். எபேசு நகரத்தாரின் ‘எக்ளேசியா’ அங்கே ‘அசெம்பிளி’ எனப்படுகிறது. 37ஆம் வசனத்தில் புறச்சமயக் கோயில்களைக் கொள்ளையிடுவோர் ‘சர்ச்’சுகளைக் கொள்ளையிடுவோர் ஆகின்றனர்!

நம் தமிழ் வேதாகமம் மத்தேயு 16:18இல் ‘சபை’ என்றே கூறுகிறது. கட்டடத்தை நம் மக்கள் கோயில் என்றும் ஆலயம் என்றும் வழங்குவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் மங்கிப்போன வேறுபாடு நம்மிடம் இரு சொற்களாய் நிலைத்துள்ளது. ஆனால் ‘சர்ச்’ என்னும் ஒரே சொல் இன்று நம் பேச்சில் இரண்டையும் விழுங்கி வருகிறது. ஆலய நிதிக்கு அறிக்கை எழுதும்போதும், சபையின் நிலையை ஆராயும்போதும், எதனைக் கட்டுகிறோம் என்பதை அதற்குரிய சொல்லாலேயே கூறுவோமாக. கூரையைச் செப்பனிட்டதனால் சபை செப்பனிடப்பட்டதாக ஆகிவிடாது.