ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியைத் தனிப்பயனாக்கல்

ஈமாக்ஸ் தனிப்பயனாக்கம் என்பது, நிரலாளர் ஒருவர் தம் பணிமுறைக்கு ஏற்ப ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியின் விசைச்சேர்க்கைகளையும் தோற்றத்தையும் செயற்பாட்டையும் தாமே மாற்றி அமைத்துக்கொள்வதாகும். இத்தொகுப்பியின் பெரும்பகுதி லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஈமாக்ஸ் லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டு, இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாற்றத்தக்கதாக இருப்பதால், இதனைத் தனிப்பயனாக்கக் கற்பவர் படிப்படியாக இதன் மூலநிரலையே படிக்கப் பழகிவிடுகிறார்.

வரலாறு

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் டெக்கோ என்னும் தொகுப்பியைப் பயன்படுத்தியோர், பல கட்டளைகளை ஒன்றாகத் தொகுத்த மேக்ரோக்களைத் தத்தம் விருப்பப்படி எழுதி வந்தனர். அவற்றை 1976-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் முதலியோர் ஒழுங்குபடுத்தி இணைத்ததிலிருந்தே ஈமாக்ஸ் உருவானது. ஆகவே பயனர் செய்த மாற்றங்களே அதன் தொடக்கம் எனலாம். இன்று பரவலாகப் புழங்கும் குனூ ஈமாக்ஸை ஸ்டால்மன் 1984-இல் எழுதத் தொடங்கி 1985-இல் வெளியிட்டார்.

அமைவுக் கோப்பு

ஈமாக்ஸ் தொடங்கும்போது பயனரின் அமைவுக் கோப்பைப் படித்து, அதிலுள்ள லிஸ்ப் கூற்றுகளை நிறைவேற்றுகிறது. லிஸ்ப் அறியாதவர் கஸ்டமைஸ் என்னும் படிவத்தின் வழியே மதிப்புகளை மாற்றிச் சேமிக்கலாம். எனினும், ஒரு மாறியின் மதிப்பு எந்த எல்லைக்குள் செல்லுபடியாகிறது என்பதைப் புரிந்துகொள்வதே அடிப்படைப் பாடமாகும். எடுத்துக்காட்டாக, உள்தள்ளலுக்கு டாப் குறியைப் பயன்படுத்துவதா, வெற்றிடங்களை மட்டும் பயன்படுத்துவதா என்பதை இன்டென்ட்-டாப்ஸ்-மோட் என்னும் மாறி முடிவு செய்கிறது. இம்மாறி ஒவ்வொரு பஃபருக்கும், அதாவது திறந்துள்ள ஒவ்வொரு உரைக்கும், தனி மதிப்பு கொள்ளக்கூடியது. ஆதலால் அமைவுக் கோப்பில், மாறிக்கு மதிப்பளிக்கும் செட்க்யூ கட்டளையை எழுதினால் பிற கோப்புகளில் மாற்றம் தெரியாது. செட்க்யூ-டிஃபால்ட் என்று எழுதினால்தான் அம்மதிப்பு பொது இயல்பாகும். அதே வேளையில், மேக் என்னும் நிரல் கட்டமைப்புக் கருவிக்கான கோப்புகளின் கட்டளை வரிகள் டாப் குறியுடன் தொடங்க வேண்டியவை என்பதால், அக்கோப்புகளுக்கு உரிய மோட், அதாவது மொழிசார் செயற்பாட்டுத் தொகுதி, அவற்றில் மட்டும் டாப் குறியை மீண்டும் இயக்கிவிடுகிறது.

கற்கும் முறை

கற்போருக்குப் பெருந்துணையாவது ஈமாக்ஸின் உள்ளமைந்த ஆவணமாகும். கண்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்திப் பின்னர் கே விசையை அழுத்தி, விரும்பிய விசைச்சேர்க்கையைக் கொடுத்தால், அது இயக்கும் ஃபங்ஷனின் பெயரும் விளக்கமும் தோன்றும்; அங்கிருந்து அதன் மூலநிரலுக்கே செல்லலாம். கே-க்குப் பதிலாக வி விசையை அழுத்தினால் மாறிகளின் நடப்பு மதிப்பைக் காணலாம்.

பொதிகளும் பிழைநீக்கமும்

2012-இல் வெளியான 24-ஆம் பதிப்பிலிருந்து, பொதிகள் எனப்படும் கூடுதல் நிரல்தொகுப்புகளின் மேலாண்மை ஈமாக்ஸுடனேயே வருகிறது. 2023-இல் வெளிவந்த 29-ஆம் பதிப்பு, பொதி அமைவுகளை ஒழுங்காக எழுத உதவும் யூஸ்-பேக்கேஜையும், நிரல்மொழி வழங்கிகளுடன் தொடர்புகொண்டு பிழைகளைச் சுட்டும் எக்லாட்டையும் உடன் சேர்த்தது. பிறருடைய அமைவை முழுமையாக நகலெடுப்போர், கோளாறு நேரும்போது அதன் காரணத்தை அறிய இயலாமல் திணறுவர். அத்தகைய நிலையில் கழித்தல் குறியுடன் பெரிய கியூ எழுத்தைச் சேர்த்து ஈமாக்ஸைத் தொடங்கினால், அமைவுக் கோப்பு படிக்கப்படுவதில்லை. கோளாறு அப்போது மறைந்தால் அது பயனரின் அமைவில் உள்ளது என்று தெளியலாம். அதன்பின் கோப்பின் பாதியை மாற்றி மாற்றி முடக்கிப் பார்த்துப் பிழையான வரியை அடையலாம். தேவை எழும்போது ஒவ்வொரு வரியாகப் பொருளறிந்து சேர்த்து வளர்த்த அமைவில் இத்தேடல் விரைவில் முடியும் என்பதால், அம்முறையே கற்போருக்கு மிகவும் ஏற்றதாகும்.