கையால் எஞ்சின் சுற்றுதல்

கையால் எஞ்சின் சுற்றுதல் என்பது, ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்காமல், கிராங்க் தண்டின் முன்முனை போல்ட்டில் சாக்கெட்டும் ராட்செட்டும் மாட்டி, எஞ்சினை மெல்லச் சுழற்றிச் சோதிக்கும் முறை. டைமிங் பெல்ட் மாற்றியபின்னும், வெள்ளத்தில் மூழ்கிய காரையோ நெடுநாள் ஓடாமல் நின்ற காரையோ கிளப்புமுன்னும் இது இன்றியமையாதது.

வரலாறு

தொடக்கக்காலக் கார்களைக் கிளப்பக் கையால் சுற்றுவதே வழி. முன்பக்கத் துளையில் இரும்பு ஹேண்டிலை நுழைத்துச் சுற்றுவர். தீப்பொறி முந்தினால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்துக் கையை முறிக்கும். இதனால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலாக இழுக்கும் முறை வழக்கமாயிற்று. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் காடிலாக்கின் 1912ஆம் ஆண்டுக் கார்களில் வந்தது. ஃபோர்டின் டி மாடலுக்கு அது 1919இல்தான் கிடைத்தது. 1948இல் வெளிவந்த மாரிஸ் மைனர், ஸ்டார்ட்டர் இருந்தும் ஹேண்டிலைக் கைவிடவில்லை; பேட்டரி இறங்கினாலும் வண்டி கிளம்பும், வால்வு இடைவெளியைச் சரிபார்க்கவும் அது உதவும். எஞ்சினைக் குறுக்காகப் பொருத்திய முன்சக்கர இயக்கக் கார்கள் பரவியதும் ஹேண்டில் மறைந்தது. மலேசியாவில் 1985 ஜூலை 9இல் அறிமுகமான புரோட்டோன் சாகாவும் 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் அவ்வகையே.

செயல்முறை

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுவது நல்லது. அமுக்கம் நீங்கினால்தான் எஞ்சினின் உண்மையான இறுக்கம் கைக்குத் தெரியும். எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுவது சரியான முறை. பெரும்பாலான எஞ்சின்கள் முன்னிருந்து பார்க்க வலமாகச் சுழலும். பழைய ஹோண்டா எஞ்சின்கள் பல இடமாகச் சுழலும். கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் தண்டு ஒருமுறை சுற்றும். ஆகவே பெல்ட் மாட்டியபின் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகள் மறுபடி நேராகின்றனவா எனப் பார்ப்பர். பிளக் இல்லாதபோதும் இடையில் தடுத்து நின்றால் வால்வு பிஸ்டனில் முட்டியிருக்கக்கூடும், வலிந்து தள்ளக்கூடாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது. அந்நிலையில் ஸ்டார்ட்டரை இயக்கினால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். பிளக்கைக் கழற்றிக் கையால் சுற்றினால் நீர் அத்துளை வழியே வெளியேறும். நீர் கலந்த எண்ணெயை மாற்றியபிறகே எஞ்சினைக் கிளப்பலாம். 2024இல் அறிமுகமான புரோட்டோன் இ.மாஸ் 7 போன்ற மின்கார்களுக்கு இச்சோதனை பொருந்தாது.