தெமோதரைப் பாலமும் ஒரு மேளக்காரரும்

பதுளையிலிருந்து மேலேறும் புகையிரதம் தெமோதரையில் முதலில் நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துட் புகுந்து, குன்றைச் சுற்றி ஏறி, பின்னர் அந்நிலையத்தையே வந்தடையும். அங்கிருந்து எல்லயை நோக்கிச் செல்லுங்கால் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடக்கும். ஏறத்தாழ 300 அடி நீளமும் 80 அடி உயரமும் உடைய இப்பாலம் 1921-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. பதுளை வரையிலான பாதை 1924-இல் திறக்கப்பெற்றது.

இப்பாலத்தைக் கட்டியவர் யார் என வினவினால், அப்பகுதி மக்கள் பலரும் பீ. கே. அப்புஹாமி என்னும் பெயரையே கூறுவர். அவர் 1870-இல் வெலிமடையை அடுத்த கெப்பெட்டிபொலையிற் பிறந்தவர் என்றும், மேளம் கொட்டுவதிலும் பேயாட்டத்திலும் பழகியவர் என்றும் சொல்லப்படுகிறது. செவிவழிக் கதை பின்வருமாறு செல்லும். ஆட்டக்காரரைத் தெரிவு செய்யுமிடத்தில் தேறாது, வேடத்தோடு மனம் நொந்து வீடு திரும்பிய அவரை வழியிற் கண்ட வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், பேயெனக் கருதி அஞ்சினார். அச்சம் நீங்கியபின் இருவரும் நண்பராயினர். முதல் உலகப் போரினால் பாலத்துக்குரிய இரும்பு வராதொழியவே, இரும்பின்றிக் கட்டித் தருவேன் என அப்புஹாமி முன்வந்தார். முதல் வண்டி செல்லும்போது பாலத்தின் கீழே படுத்திருப்பேன் என்றும் சூளுரைத்தார். மிஞ்சிய பணத்தை நான்கு வண்டிகளில் ஏற்றிவந்து ஊரார்க்குப் பகிர்ந்தளித்தார் என்பது கதையின் முடிவு.

ஏடுகள் கூறுவது வேறு. இலங்கைப் பொறியியலாளர் சங்கம் 1923-இல் வெளியிட்ட அறிக்கையில் இப்பாலத்தின் வரைபடங்கள் உள்ளன. வகுத்தவர், புகையிரதப் பகுதியின் பொறியியலாளர் ஹரோல்ட் கத்பேட் மார்வூட் என்பவர். இரும்பில்லாமையும் வியப்பன்று. வளைவானது தன்மேல் விழும் சுமையை இருபுறத்துத் தூண்களுக்கும் அமுக்கமாகவே கடத்தும். கல்லும் கொங்கிறீற்றும் அமுக்கத்தைத் தாங்க வல்லன. இழுவையே அவற்றுக்கு ஆகாதது. ஆகவே, போர் நிகழாதிருப்பினும் இத்தகைய பாலம் இரும்பின்றி எழுந்திருக்கக் கூடும்.

அவ்வாறாயின் அப்புஹாமியின் கதை முற்றிலும் பொய்யோ? அங்ஙனம் துணிதல் முறையன்று. வரைந்தவர் ஒருவராகவும், ஆள் சேர்த்துக் கட்டுவித்தவர் மற்றொருவராகவும் இருத்தல் உலக வழக்கம். வரைபடத்தில் முன்னவர் பெயர் நிற்கும். பின்னவர் பெயர் ஊரார் வாயில் நிற்கும். சுரங்கத்தின் மேல் அமைந்த தெமோதரை வளையத்துக்கும் இத்தகைய கதை ஒன்று உண்டு. 44 அடிக்கு ஓரடிக்கு மேற்பட்ட சரிவு பாதைக்கு ஆகாதாகையால், பாதையைச் சுற்றி இறக்க வேண்டியதாயிற்று. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா இவ்வுபாயத்தை அறிந்தார் என்பர். அங்கே சிங்கள மேளக்காரர். இங்கே தமிழ்க் கங்காணி. தம் மண்ணில் எழுந்த பெருவேலை அந்நியர் அறிவால் மாத்திரம் ஆயதன்று என்னும் மக்களின் உரிமைக் குரலே இரு கதைகளிலும் ஒலிக்கின்றது.

மேளக்காரர் வாழ்வு பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. அமெரிக்காவில் ஜாஸ் இசையின் தொடக்கக் காலத்து மேளக்காரரான பேபி டொட்ஸ், நியூ ஓர்லியன்ஸ் நகரிற் பிறந்து, ஆற்றுக் கப்பல்களிலும் கிங் ஒலிவரின் குழுவிலும் வாசித்தவர். அவர் 1946-இல் தம் வாசிப்பையும் விளக்கத்தையும் இசைத்தட்டிற் பதிந்தார். அவர் சொல்லிய வரலாறும் நூலாக வெளிவந்தது. 1959-இல் அவர் மறைந்த பின்னரும் அவர் குரலே அவருக்குச் சான்று. அப்புஹாமிக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. அவர் தம் கையால் எழுதிய வரலாறு எதுவும் வழக்கில் இல்லை. உள்ளது பிறர் சொன்ன கதையே.

ஆதலால் வரலாறு பயில்வோர் கடமை இரண்டு. கதையை ஏடு போல நம்பலாகாது. ஏட்டில் இல்லை என்பதற்காகக் கதையைத் தள்ளிவிடவும் ஆகாது. மார்வூட்டின் பெயரை ஏடு காத்தது. அப்புஹாமியின் பெயரைக் கதை காத்தது. கல் சுமந்தும் கலவை குழைத்தும் உழைத்தோர் பெயர்களையோ அக்கதையும் காக்கவில்லை. அவர் கைவேலையின்மீதே இன்றும் பதுளை வண்டி ஓடுகின்றது.