கோப்பு சுமந்த எறும்பு

ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா இருக்கறதை நகலெடுக்கறதுக்கெல்லாம் ஒரு வரலாறானு கேக்காதீங்க மக்களே. இருக்கு :-)

1976, அமெரிக்காவின் பெல் லேப்ஸ். ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலை முழுக்க ஒரு புரோகிராமில் பிழை தேடினார். பிழையை ஏற்கனவே திருத்தியாச்சு. திருத்தின கோப்பை மறுபடி கம்பைல் பண்ணத்தான் விட்டுப்போச்சு. அவர் புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதியதுதான் மேக். தத்துவம் எளிமை: மூலக்கோப்பு புதுசா இருந்தா மட்டும் வேலை செய்.

மேக்கில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்கணும். மாத்தலாம்னு யோசிக்கறதுக்குள்ள ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பிச்சிட்டாங்க. அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவுனு விட்டுட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக இன்னிக்கும் டேப் அடிச்சிட்டிருக்கோம்!

மேக் தடுமாறினது ஃபோல்டர்கிட்ட. உள்ளே ஒரு கோப்பு சேர்ந்தா, நீங்கினா ஃபோல்டரோட தேதி மாறும். இருக்கற கோப்பைத் திருத்தினா மாறாது. அதனால் தேதியை நம்ப முடியாம, யுனிக்ஸில் சிபி, விண்டோஸில் எக்ஸ்காப்பினு ஆளுக்கொரு கட்டளையை உள்ளே சொருகினாங்க.

சன் நிறுவனத்தில் டாம்கேட் எழுதிட்டிருந்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சனுக்கு இது ஒத்துவரலை. ஜாவா எங்கேயும் ஓடணும், அதைக் கட்டற ஸ்கிரிப்ட் மட்டும் ஓடாதா? டேப் தொல்லை வேற. அப்படிப் பிறந்தது ஆன்ட். 2000 ஜூலையில் தனி மென்பொருளா வெளிவந்தது. முதல்ல கோப்புக்கு ஒண்ணு, ஃபோல்டருக்கு ஒண்ணுனு ரெண்டு கட்டளை. அப்புறம் ரெண்டும் சேர்ந்து காப்பினு ஒண்ணாச்சு. ரெண்டு நட்சத்திரம் () போட்டா எத்தனை அடுக்கு ஆழமானாலும் எறும்பு இறங்கிப் போய்த் தூக்கிட்டு வரும்.

ஆனா ஃபெல்ட்மேனின் தேதி தத்துவம் இங்கேயும் கூடவே வந்துடுச்சு. புதுசா இருந்தாத்தான் ஆன்ட் நகலெடுக்கும். புது வெர்ஷன் சொதப்பி, பேக்கப்பிலிருந்து பழைய கோப்பை எடுத்து வச்சா, "இது பழசு"னு ஆன்ட் கண்டுக்காது. பில்ட் சக்ஸஸ்ஃபுல்னு சொல்லும். சர்வரில் சொதப்பலே ஓடும். மூலத்துல நீக்கின கோப்பையும் காப்பி கட்டளை சேருமிடத்துல அழிக்காது.

ஓவர்ரைட்டை ட்ரூனு வச்சா முதல் தொல்லை தீரும். ரெண்டும் தீரணும்னா ரிலீஸுக்கு முன்னாடி சேருமிட ஃபோல்டரையே அழிச்சிட்டுப் புதுசா நகலெடுங்க. ரெண்டு நிமிஷம் கூடுதலாகலாம். ஜான்சன் இழந்தது ஒரு காலைப்பொழுது!