அழிவின் சாட்சிகள்: திருப்பெரும்புதூர் முதல் அரியலூர் வரை

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் இன்று தொழிற்சாலைகளே நிற்கின்றன. கொள்கலன் லாரிகள் ஓயாது ஓடும் இம்மண்ணுக்கடியில் வேறொரு காலம் உறைந்து கிடக்கிறது என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் புன்னகைக்கிறார்கள். ஆனால் உண்மை அதுதான். நிலவியலாளர் திருப்பெரும்புதூர்ப் படிவுகள் என்று அழைக்கும் பாறை அடுக்குகளில் டைலோஃபில்லம் போன்ற தொல்தாவரங்களின் இலைத்தடங்கள் பதிந்துள்ளன. பல்லாவரத்தில் 1863இல் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இப்படிவுகளையும் ஆராய்ந்தவர். 1879இல் ஃபைஸ்ட்மாண்டல் இவற்றின் தாவரங்களை விவரித்து எழுதினார். பத்துக்கோடி ஆண்டுகளுக்கும் மூத்த இப்பாறைகள் டைனோசர்கள் வாழ்ந்த காலத்தவை. அவை மறைந்த காலத்தைத் தேடின், நாம் தெற்கே அரியலூருக்குச் செல்ல வேண்டும்.

அங்கே கல்லமேட்டு மணற்பாறைகளில் டைனோசர் எலும்புகள் கிடைக்கின்றன. அதற்கு மேலமைந்த நின்னியூர்ச் சுண்ணாம்புப் பாறையில் கடலுயிர்கள் உண்டு, டைனோசர்கள் இல்லை. இது போதாதா எனலாம். போதாது. நிலம் கடலான இடத்தில் நிலவிலங்கின் எலும்பு இல்லாமற் போவது இயல்பே. இல்லாமை வேறு, அழிவு வேறு. அழிந்தமைக்கான காரணம் மூன்றாவது வினா. அதற்குத் தனிச்சான்று வேண்டும்.

அச்சான்று 1980இல் வெளிப்பட்டது. இத்தாலியின் குப்பியோ நகரருகே, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள களிமண் அடுக்கில் இரிடியம் என்னும் உலோகம் வழக்கத்தைவிட முப்பது மடங்கு மிகுந்திருப்பதை லூயி அல்வாரெஸ், அவர் மகன் வால்ட்டர், அசாரோ, மிஷெல் ஆகிய நால்வரும் அறிவித்தனர். புவியின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் காணப்படும் உலோகம் அது. சுமார் 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள விண்கல் ஒன்று மோதியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. மோதிய இடம் எங்கே என்ற கேள்விக்கு 1991இல் விடை வந்தது: மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் புதைந்திருக்கும், சுமார் 180 கிலோமீட்டர் அகலமுள்ள சிக்சுலூப் பள்ளம். 2016இல் அதனைத் துளையிட்டெடுத்த பாறையிலும் அதே இரிடியம் இருப்பது 2021இல் உறுதியாயிற்று.

எதிர்வழக்கு நம் நாட்டிலேயே இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கிய எரிமலைக் குழம்பு, இராஜமுந்திரி வரை ஓடியிருக்கிறது. அங்குள்ள எரிமலைப் பாறைகளுக்கு இடைப்பட்ட கடற்படிவுகளை ஆராய்ந்த கெர்ட்டா கெல்லர், அழிவுக்கு எரிமலையே முதற்காரணம் என்று வாதிட்டார். 2019இல் ஒரே இதழில் வெளியான இரண்டு காலக்கணிப்புகளுள் ஒன்று, மோதலுக்குச் சற்று முன்னரே பெரும் பொங்கல் நிகழ்ந்ததெனச் சொன்னது. மற்றொன்று குழம்பின் பெரும்பகுதி மோதலுக்குப் பின்னரே வந்ததென்றது. எனினும் கட்சு மாவட்டத்து அஞ்சாரில், எரிமலைப் பாறைகளுக்கு நடுவிலுள்ள படிவுகளில் டைனோசர் எலும்புகளும் முட்டையோடுகளும் கிடைத்தன. எரிமலை பொங்கத் தொடங்கிய பின்னும் அவை வாழ்ந்திருந்தன என்பதே இதன் பொருள். இன்று பெரும்பாலோர் விண்கல்லையே முதற்குற்றவாளி என்கின்றனர். எரிமலையின் பங்கு குறித்த வழக்கு முடியவில்லை.

இவ்வழக்கில் நம் பகுதியின் சாட்சிகளை நாம் எவ்வாறு போற்றினோம்? கல்லமேட்டில் கிடைத்து, 1980களின் இறுதியில் யாதகிரியும் அய்யாசாமியும் பெயரிட்ட புருகத்காயோசாரஸின் எலும்புகள் சிதைந்து போயின. உலகின் மாபெரும் விலங்குகளுள் ஒன்றாய் இருந்திருக்கக்கூடிய அதற்கு எஞ்சியவை வரைபடங்களும் சில படங்களுமே. இதற்கு மாறாக, 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைகளை டைனோசர் முட்டைகள் என்று ஊரே கொண்டாடியது. அவை அம்மோனைட் படிவ உருண்டைகள் எனப் பின்னர் தெளிந்தது. மெய்ச்சான்றைக் காக்காத நாம் பொய்ச்சான்றுக்கு விரைந்து கூடினோம்.

தொழிற்சாலைகள் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை; நம் மாணவர் பலரின் வீட்டில் அடுப்பெரிவது அவற்றால்தான். அடித்தளத்திற்குத் தோண்டும் பள்ளத்தைக் கான்கிரீட் நிரப்புமுன் ஒருவர் ஒருநாள் நின்று பார்க்கட்டும் என்பதே நம் வேண்டுகோள். குப்பியோவில் உலகை மாற்றிய சான்று விரற்கடை அளவே இருந்தது.