வீசம் நிலமும் வெயிற் காலமும்

வீசம் என்பது நம் பழங்கணக்கில் பதினாறில் ஒரு பங்கு. அந்த வாய்பாட்டை ஒப்பிக்கும் பிள்ளைகள் இன்று இல்லை. ஆயினும் மலாயாத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றில் இந்தப் பின்னத்துக்கு ஒரு தனியிடம் உண்டு. ஐக்கிய மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்துடன் வாழும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ தக்க நிலம் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டுமென விதித்தது. இஃது எவரும் மனமிரங்கி ஈந்த கொடையென்று எண்ணிவிடலாகாது. இந்தியாவில் 1922-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டம் பிறந்தபின், ஆள் வேண்டுமாயின் இந்திய அரசாங்கத்தின் நிபந்தனைகளுக்கு மலாயா செவிசாய்க்க வேண்டியதாயிற்று. பேரத்திலே கிடைத்த வீசம் இது.

நிலம் கிடைத்தது, சரி. நீர்? இதைப் பேசுவதற்குச் சி ரூசாவைவிடப் பொருத்தமான இடம் அரிது. நெகிரி செம்பிலானின் கடலோரத்தில், போர்ட்டிக்சன் மாவட்டத்து முக்கிம்களில் ஒன்று அது. மலாய் மொழியில் ரூசா என்றால் மான். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு 1891-ஆம் ஆண்டிலேயே இருப்புப் பாதை ஓடிற்று. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் இப்பக்கத்துக் குன்றுகளையெல்லாம் மூடிக்கொண்டது. ரப்பரோடு நம்மவர் வந்தனர்.

இக்கரைக்கு மேற்கே நீரிணைக்கு அப்பால் சுமாத்திராவின் மலைத்தொடர் நிற்கின்றது. தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். வடகிழக்குப் பருவத்தின் மழையோ கிழக்குக் கரையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆதலின் சனவரி, பிப்ரவரியில் ஒருமுறையும், சூன், சூலையில் மற்றொரு முறையும் வானம் வெளிறிக் கிடக்கும். மழைநாடு என்று பெயர் பெற்ற மலாயாவில் வறட்சியா என்று வியப்பவர், பிப்ரவரி மாதத்தில் லயத்துப் பின்புறத்துக் கீரைப் பாத்தியைப் பார்த்திரார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரப்பர் மரம் இலையுதிர்ப்பதும் ஆண்டின் தொடக்கத்து இந்த வறட்சியை ஒட்டியே. இலை உதிர்ந்து புதுத்தளிர் முற்றும் வரையில் பால் குறையும். சில நிரைகளில் வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பதும் உண்டு. மரத்துக்கு ஓய்வு என்றால் மனிதனுக்கு வரும்படிக் குறைவு. செக்குரோலில் பேர் விழாத நாளுக்குக் கூலி ஏது? கடைக் கணக்கில் காய்கறிக்குக் காசு தேடும் மாதமும், கொல்லையில் காய் கருகும் மாதமும் ஒன்றாகவே வந்து வாய்த்தன. மழைக்காலத்தில் யார் கொல்லையிலும் வெண்டை காய்த்துத் தொங்கும். அப்போது அதற்கு அவ்வளவு தேவையில்லை. வீசத்தின் பயன் வறட்சியிலேதான் தெரிய வேண்டும். அதே வறட்சியில்தான் அது கைவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீசம் ஏக்கர் என்பது 2,722 சதுர அடிக்குச் சற்று மிகுதி. அந்நிலத்துக்கு ஓரங்குல மழையளவு நீர் பாய்ச்ச ஏறத்தாழ 1,400 காலன் வேண்டும். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று 4 காலன் கொள்ளும். ஆக 350 தகரம். வெட்டுக்காட்டிலிருந்து பால் வாளிகளைச் சுமந்து வரும் அதே காண்டாக் கம்பில் பக்கத்துக்கொன்றாகக் கட்டினால் 175 நடை. ஒவ்வொரு நடைக்கும் தோளில் 80 இராத்தல். கடும்வெயிலில் ஓரங்குல நீர் ஐந்தாறு நாளுக்கு மேல் தாங்காது. முழு வீசத்தையும் இவ்வாறு நனைக்க முயன்றவர் எவரும் இரார். பத்தில் ஒரு பங்கை மட்டும் பாத்தி கட்டினாலும், வாரந்தோறும் பதினெட்டு நடை. சட்டம் எழுதியவர்கள் நிலத்தை அளந்தார்கள். இந்தப் பதினெட்டு நடையை அளந்தவர் யார்?

பெரும்பாலும் பெண்கள் அளந்தனர், தம் கால்களால். விடியுமுன் பெரட்டு. பின்னர் பால்வெட்டு, பாலெடுப்பு, நிறுவை. உச்சி கழிந்து லயம் சேர்ந்தால் அடுப்பும் பிள்ளையும் துணிமூட்டையும். செடிக்கு நீர் ஊற்ற அதிகாலையே சிறந்தது என்று விவசாய நூல் கூறும். அதிகாலை தோட்டத்துக்குச் சொந்தம். எனவே பொழுது சாயும் வேளையே எஞ்சியது. மாலையில் இலைமேல் தெளித்த நீர் இரவெல்லாம் நின்று பூஞ்சணம் பிடிக்கச் செய்யும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள், தூரைச் சுற்றிக் குழித்து அங்கே மட்டும் ஊற்றினார்கள். நாள்தோறும் மேலாக நனைப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழ ஊற்றினால் வேர் கீழே இறங்கும் என்பதும் அவர்கள் அறிந்ததே.

அறியாமல் இருப்பார்களா? திருச்சி, தஞ்சை, சேலம், வடஆர்க்காட்டுச் சீமைகளிலிருந்து வந்த மக்கள் அவர்கள். ஏற்றம் மிதித்தவர்கள், கவலை ஓட்டியவர்கள், கூடை கொண்டு இறைத்தவர்கள், முறைத்தண்ணீருக்கு இரவெல்லாம் மடையில் காத்துக் கிடந்தவர்கள். அவர்களில் மிகப் பலர் பிறர் வயலுக்கே நீர் இறைத்தவர் என்பதையும், ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒரு குடம் மொள்ளவும் உரிமை மறுக்கப்பட்டவர் என்பதையும் மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கடல் கடந்து வந்தபின் லயத்துக் கிணற்றில், பிற்காலத்தில் லயத்துக் குழாயில், அவர்கள் கயிறும் குடமும் இறங்கின. லயங்களையே சாதிவாரியாகப் பிரித்து வைத்த தோட்டங்களும் இருந்தன. எனினும் கொல்லைக்கு நீர் சுமக்கும் தோளில் சாதி பார்க்க வெயிலுக்கு நேரமில்லை.

நீர் சுமக்கும் பாட்டைக் குறைக்கும் வழிகளும் உண்டாயின. மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தி, வெயிற்காலத்தில் அதையே தாழ்த்திக் குழிப்பாத்தி. ஊற்றிய மறுநாள் மேல்மண்ணை இலேசாகக் கொத்திவிட்டால் வெடிப்பு அடைபட்டு ஈரம் நிற்கும். உதிர்ந்த ரப்பர் இலைக்குப் பஞ்சமில்லை. பூக்குமுன் அரிந்த லாலாங் புல்லும் கிடைக்கும். இவற்றைத் தூரில் பரப்பினால் மண் சுடாது. கரையான் வந்தால் அடுப்புச் சாம்பல் தூவுவார்கள். நாற்றுக்குத் தென்னையோலை நிழல். அரிசி களைந்த நீர் கீரைக்கு, பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கு. முருங்கை, மரவள்ளி, கத்திரி இவை கொஞ்சம் பொறுக்கும். கீரைக்கும் வெள்ளரிக்கும் பொறுமை கிடையாது.

பள்ளத்தில் ஓடையும் கானும் இருக்க, இத்தனை பாடு ஏன் என்று கேட்கலாம். அதற்கு மலேரியாவின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1901-ஆம் ஆண்டு முதல் கிள்ளான் பக்கத்தில் மலேரியா ஒழிப்பில் ஈடுபட்ட டாக்டர் மால்கம் வாட்சன், குன்றுப்பாங்கான நிலத்தில் காய்ச்சலைப் பரப்பும் கொசு தெளிந்த ஓடைநீரில் வளர்வதைக் கண்டறிந்தார். அதன்பின் குன்றடி ஊற்றுகள் நிலத்தடிக் குழாய்களில் அடைக்கப்பட்டன. திறந்த ஓடைகளிலும் கான்களிலும் எண்ணெய் தெளிக்கப்பட்டது. பல்லாயிரம் உயிர் பிழைத்தன. அந்நன்மைக்கு முன் கீரை பெரிதன்று. ஆனால் அருகே ஓடிய நீர் எண்ணெய் மிதக்கும் நீராயிற்று. அதை எவர் செடிக்கு ஊற்றத் துணிவர்? தகரத்தில் நீர் பிடித்து வைப்பதும் கொசுவுக்கு வீடு கட்டுவதாயிற்று. கிணறு எட்டத்தில் இருந்தால் நடையும் எட்டமே.

ரப்பர் விலை வீழ்ந்த காலம் வீசத்துக்குப் புது மதிப்பைத் தந்தது. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி 1930-ஆம் ஆண்டில் 40, 32 என்று இறங்கிற்று, பின்னும் இறங்கிற்று. வேலையிழந்தோர் கப்பல் கப்பலாகத் தாயகம் திருப்பப்பட்டனர். எஞ்சியோரிடம், கொல்லை போட்டுப் பிழைத்துக்கொள் என்பது எளிய புத்திமதி. கூலியில் வெட்டிய பத்துக் காசு கத்திரிக்காயாக வளரும் என்று நம்பியவர்கள், பிப்ரவரியில் ஒரு தகரம் சுமந்து பார்த்தவர்களாக இருக்க முடியாது.

அதனினும் கொடிய காலம் ஒன்று வந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்கிய நாடு. 1942-இல் சப்பானியர் ஆட்சி வந்தபின் அவ்வரிசி அருகிப்போயிற்று. ரப்பரை வாங்குவாரில்லை. மரத்தை வெட்டி மரவள்ளி நட்ட இடங்களும் உண்டு. ஆண்களைச் சயாம் இரயில் பாதைக்குப் பிடித்துப் போயினர். பெண்ணும் கிழவரும் சிறுவரும் கிழங்குப் பாத்திகளோடு நின்றனர். சப்பானியர் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் ஒன்று குலையுடன் நின்றது. 1945-இல் அந்நோட்டு வெறுங் காகிதமாயிற்று. கொல்லையில் கழுநீர் குடித்து வளர்ந்த வாழை அப்போதும் வாழையாகவே இருந்தது.

இருந்தும் அவ்வாழை யாருடையது? வீசம் அனுபவிக்கக் கொடுத்தது, உடைமையாகக் கொடுத்ததன்று. வேலை போனால் லயம் போகும், லயத்தோடு கொல்லையும் போகும். மூன்றாண்டு கழித்துக் காய்க்கும் மரத்தை நட எவருக்கு மனம் வரும்? நம்மவர் சோம்பலால் பழமரம் வைக்கவில்லை என்று குறை கூறியோர் இதை எண்ணவில்லை. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் கொல்லையைப் பாதிக் காயுடன் விட்டுச் சென்றன. அத்துண்டாடலின் எதிரொலியாகவே வீ. தி. சம்பந்தன் முயற்சியில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. இன்று சி ரூசாக் கடற்கரையில் விடுதிகள் நிற்கின்றன. வறட்சி மட்டும் முகவரி மாறவில்லை. 2014 பிப்ரவரியில் நெகிரி செம்பிலானில் நீர் நெருக்கடி அறிவிக்கப்பட்டது.

தோட்டம் மாறிச் சென்றவர்கள் மூட்டையில் கட்ட முடிந்ததைக் கட்டிக்கொண்டனர். முருங்கை மரம் தோட்டத்துக்குச் சொந்தம். வெட்டிய போத்து ஒன்றை எடுத்துச் செல்வதை எந்தக் கிராணியும் கணக்கில் எழுதவில்லை. முந்தானையில் முடிந்த பூசணி விதையும் அப்படியே. புது லயத்தின் பின்புறத்தில் போத்தை ஊன்றி, தளிர் காணும் வரை நாளைக்கு ஒரு செம்பு நீர் ஊற்றினால் போதும்.