கடாரத்து மலைக்கோயில்

சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு பகலிற் சென்று மீளக்கூடிய தொலைவில், ஜெராய் மலைச்சாரலில், புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கருங்கல் அடித்தளம் நிற்கின்றது. மாணவப் பருவத்தில் அதைக் காணச் சென்ற நாம், 1025-இல் இராசேந்திர சோழன் கடாரம் வென்ற பெருமையையே வழிநெடுகப் பேசினோம். அதற்கு முன்னரே கடாரத்தரசர் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்ப, இராசராசன் 1006-இல் ஆனைமங்கலத்தை அதற்கு அளித்த நட்பை அறிந்தோமில்லை.

இதே பூஜாங் பள்ளத்தாக்கில், 11-ஆம் எண் கோயிலடி 2013-இல் நிலத்தைச் சமன்செய்வோரால் இடிக்கப்பட்டது. வெற்றியைப் பாடிய வாய், கல்லைக் காக்கத் திறவாதது நாணத்தக்கதன்றோ? தோட்டத்துத் தோழர்களே! அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். கண்ணாற் கண்டதையே மனிதர் காப்பர்.